காலில் மஞ்சள் கொடி

ஜனவரி 4

இன்று காலை உப்பளத்தில் அதைப் பார்த்தேன். பட்டைவால் மூக்கன். புறாவை விடக் கொஞ்சம் பெரிய உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் ஓர் அலகு. குளிர்காலத்தில் தூத்துக்குடிக்கு வருகிற விருந்தாளிதான், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இதன் வலது காலில், முட்டிக்கு மேலே, ஒரு மஞ்சள் பட்டை சின்னக் கொடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. வடக்கே எங்கோ ஆராய்ச்சிக்காரர்கள் பிடித்து மாட்டிவிட்ட அடையாளம். அதில் மூன்று எழுத்து இருக்கும், எண்ணும் கலந்திருக்கலாம். அதை வாசித்து அனுப்பினால் இந்தப் பறவை எங்கிருந்து வந்தது, என்ன வயது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். வாசித்தவர் பெயரும் அந்தப் பறவையின் கணக்கில் ஏறிவிடும்.

இருபத்தாறு வருஷம் பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தினேன். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளை எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டியிருப்பேனோ தெரியாது. நானாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இந்த மூன்று எழுத்து எனக்கு வேண்டும்.

நிறையப் படம் எடுத்தேன். வீட்டில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் கொடி இருக்கிறது, கொடிமேல் ஏதோ கறுப்பாக ஊர்கிறது. எழுத்து இல்லை.

ஜனவரி 5

ஞாயிறு. சர்ச். பறவைக்கு ஓய்வுநாள் கிடையாது என்றேன். இவர் முறைத்தார்.

ஜனவரி 7

'இவர்' என்றால் ஞானராஜ், என் கணவர். இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் குளிர்கிடங்கில் முப்பது வருஷம் மெஷின்களைக் கட்டி மேய்த்துவிட்டு, போன ஜூனில் ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து மேய்ப்பதற்கு வீட்டில் நான் ஒருத்திதான்.

டிசம்பரில் உப்பள வரப்பில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கியது, அவ்வளவுதான். அதற்குள் ஸ்கூட்டர் சாவி அவருடைய பீரோவுக்குள் போய்விட்டது. "இனிமே எங்கன போனாலும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவும் விட்டதில்லை.

ஆக தினமும் காலையில் காரில் போகிறோம். ஒரு விதத்தில் கார் நல்லதுதான். பறவைகள் காருக்குப் பயப்படாது, மனுஷனுக்குத்தான் பயப்படும். பச்சைப்பயறு நிரப்பிய துணிப் பையைக் கதவுக் கண்ணாடி மேல் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்து எடுப்பேன். லென்ஸ் நுழைகிற அளவுக்கு மட்டும் கண்ணாடியை இறக்க அனுமதி. எஞ்சின் ஓடும். ஏசியும் ஓடும். உப்புக் காற்று உள்ளே வந்தால் கார் துருப்பிடித்துவிடுமாம். காரைச் சொல்கிறார். நான் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரி 10

இன்றும் அதே கதை. வெயில் ஏறியபிறகு உப்பளத்தில் கானல் எழும்பும், அப்போது எடுத்தால் எதுவும் துலங்காது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சூரியன் முழுசாக மேலே வருமுன்பே போய் நிற்கிறோம். கை ஆட்டமும் இல்லை. கை ஆடினால் படம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தெரியும். இது அப்படி இழுக்கவில்லை, கரைகிறது. சிறகின் ஒவ்வொரு விளிம்பும் ரசத்தில் போட்ட அப்பளம் மாதிரி ஊறிக் கிடக்கிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது, அந்தப் புள்ளிகளும் கரைந்துதான் இருந்தன.

லென்ஸ்தான் கெட்டிருக்கிறது. அன்று விழுந்தபோது உள்ளே ஏதோ நகர்ந்திருக்க வேண்டும்.

ஜனவரி 15

பொங்கல் விடுமுறை என்று ஊரே உப்பளத்தில் செல்ஃபி எடுக்கிறது. மூக்கனைக் காணவில்லை. எல்லோரையும் மாட்டுவண்டியில் கட்டி ஓட்ட வேண்டும்.

ஜனவரி 18

வாட்ஸ்அப்பில் பறவை நோக்குபவர்களுக்கு ஒரு குழு வைத்திருக்கிறோம். வைத்திருந்தோம் என்று எழுத வேண்டும். இன்று விலகிவிட்டேன்.

கொடி தெரிகிற படத்தைப் போட்டு, யாருக்காவது எழுத்து பிடிபடுகிறதா என்று கேட்டேன். பாளையங்கோட்டை பல் டாக்டர் சிவசைலம் உடனே குதித்தார். என் கையை விட நீளமான லென்ஸ் வைத்திருக்கிற ஆள். "மேடம், ரொம்ப சாஃப்ட்டா இருக்கே. கார்ல இருந்தா எடுத்தீங்க? ஒருக்கா எறங்கி நின்னு எடுத்துப் பாருங்களேன்" என்று குரல் பதிவு அனுப்பினார், பின்னால் ஒரு சிரிப்போடு.

இறங்கினால் பறவை பறந்துவிடும் என்று எல்கேஜி பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் விலங்கியல் டீச்சர், நீங்கள் பல் பிடுங்குகிறவர், அவரவர் வேலையை அவரவர் பார்ப்போம் என்று எழுதினேன். "சும்மா ஐடியாதான் மேடம்" என்றார். ஐடியாவை எல்லாம் உங்கள் நோயாளிகள் வாய் திறந்திருக்கும்போது சொல்லுங்கள், அவர்களால் பதில் பேச முடியாது என்று எழுதிவிட்டு வெளியே வந்தேன்.

என் கொடியை அவர் வந்து வாசித்துக்கொண்டு போவதற்கு நான் வழி சொல்ல வேண்டுமாக்கும்.

ஜனவரி 23

லென்ஸை மதுரைக்கு அனுப்பினேன். காஜா மைதீன் என்று ஒருவர் பழுது பார்க்கிறார். லென்ஸ் இல்லாத காலைகள். இவர் மட்டும் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, பேன்ட் போட்டு, கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஹாலில் நிற்கிறார். "சும்மா போயி பாத்துட்டு வருவமா" என்கிறார். எதைப் பார்க்க? நான் போகவில்லை.

பிப்ரவரி 1

லென்ஸ் திரும்பி வந்தது. கூடவே மைதீனின் போன்.

"லென்ஸ்ல ஒரு கொறையும் இல்ல மேடம். செவுத்துல பேப்பர ஒட்டி நானே எடுத்துப் பாத்துட்டேன். ஒவ்வொரு எழுத்தும் கத்தி மாதிரி வருது."

"அப்ப எனக்கு மட்டும் ஏன் வரல?"

"அது எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

தெரியாதவர் எதற்குக் கடை வைத்திருக்கிறார் என்று கேட்டேன். இன்னும் சிலது கேட்டேன். அவர் பொறுமையாக "சரிங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்ட மாதிரி இருந்தது. கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டேன். 'ஏமாற்றுப் பேர்வழி' என்றும் எழுதினேன்.

பிப்ரவரி 2

லென்ஸோடு போனோம். கரைசல்தான்.

பிப்ரவரி 9

மதியம் சாப்பிடும்போது கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். இவர் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"என்ன சொல்லுதிய?"

"ஒண்ணும் சொல்லல. லென்ஸுங்க, கானலுங்க, பல் டாக்டருங்க, மதுரைக்காரங்க. எல்லாரும் சேந்து ஒனக்கு எதிரா சதி பண்ணுதாவ."

என் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் நின்றபடியே சாப்பிட்டேன். கல்யாணம் ஆன புதிதில் நான் ஒன்று சொன்னால் இந்த மனிதர் காதைச் சாய்த்துக் கேட்பார். அந்தக் காது இப்போதும் அங்கேதான் இருக்கிறது, முடி முளைத்துப்போய்.

பிப்ரவரி 16

படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கினேன். பழைய படங்களை எல்லாம் அதில் போட்டேன். முதல் படத்தில் ஒரு B வந்தது. அடுத்ததில் அதே இடத்தில் 8. மூன்றாவதில் தெள்ளத்தெளிவாக ஓர் R, அச்சடித்த மாதிரி. குறித்துவைக்கப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, கறுப்பாக எதைக் கண்டாலும் இந்தப் பிசாசு ஓர் எழுத்தை வரைந்துவிடுகிறது. சந்தேகத்துக்கு மூக்கனின் கண்ணை வெட்டிக் கொடுத்துப் பார்த்தேன். அதற்குள்ளும் ஒரு Q கண்டுபிடித்துக் கொடுத்தது.

அதை அனுப்பியிருக்கலாம். R8 என்று எதையாவது எழுதி அனுப்பினால் யார் உப்பளத்துக்கு வந்து பார்க்கப் போகிறார்கள்? அனுப்பவில்லை. கிளாஸில் நுண்ணோக்கியைப் பார்க்காமலே பாரமீசியம் வரைகிற பிள்ளைகளை வெளியே நிறுத்தியவள் நான்.

பிப்ரவரி 27

மூக்கனின் நெஞ்சில் லேசாகச் செங்கல் நிறம் ஏறுகிறது. ஊருக்குக் கிளம்பும் முன் போடுகிற உடுப்பு. இன்னும் ஒரு மாதம், மிஞ்சினால் ஐந்து வாரம். போய்விட்டால் திரும்பி வருமோ, வழியில் எந்தக் கழுகு வாயில் போகுமோ, யார் கண்டது.

காலையிலேயே வெக்கை தொடங்கிவிட்டது. இவர் ஏசியைப் பதினெட்டில் வைக்கிறார். "சாமி, என்னமா இருக்கு" என்று இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடுகிறார். எனக்கு விரல் விறைக்கிறது. நேற்றைய படங்கள் ஜனவரிப் படங்களை விட மோசம்.

மார்ச் 9

சர்ச்சில் அசனம். வருஷத்துக்கு ஒரு நாள் சபை முழுக்க வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. கோயம்புத்தூரில் இருந்து இவருடைய தம்பி பால்துரை வந்திருந்தார். அங்கே மீன் கடை போடப் போகிறாராம், சின்னதாக ஒரு குளிர் அறை வேண்டுமாம். கேட்கவா வேண்டும். இலையில் சோறு ஆற ஆற இவர் பாடம் நடத்தினார்.

"கதவுதான் முக்கியம், கேட்டுக்கோ. கதவத் தொறந்த ஒடனே உள்ள இருக்க குளிரு கீழ வழிஞ்சு வெளிய வரும், வெளிய இருக்க வெக்கை மேல ஏறி உள்ள போவும். ரெண்டும் வாசல்ல முட்டும். அந்த எடத்துல நின்னு பாத்தேன்னா எதுக்க நிக்கவன் மூஞ்சியே தண்ணிக்குள்ள இருக்க மாதிரி ஆடும். அதுக்குத்தான் பிளாஸ்டிக் பட்டை தொங்கவிடுவோம்."

பெண்கள் வரிசை அவர்களுக்கு முதுகுப் பக்கம். சாம்பார் வாளியோடு வந்த அக்கா என்னிடம் இரண்டு தடவை "ஊத்தவா" என்று கேட்டார்களாம். எனக்குக் கேட்கவில்லை.

மார்ச் 10

பால்துரையை ரயிலேற்ற இவர் பஸ்ஸில் போனார், ஸ்டேஷனில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று. நல்லதாகப் போயிற்று.

மைதீன் செய்ததாகச் சொன்னதை நானும் செய்தேன். சர்ச் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, தெருக் கடைசியில் நிழல் விழுகிற சுவரில் ஒட்டினேன். கார் ஓட்டத்தான் தெரியாது, சாவியைத் திருப்பத் தெரியும். எஞ்சின், ஏசி பதினெட்டு, கண்ணாடி பாதி, பயறுப் பை. குளிர்ந்தபிறகு எடுத்தேன். அப்புறம் எல்லாவற்றையும் அணைத்து, நான்கு கண்ணாடியையும் இறக்கி, வெளிக்காற்று உள்ளே வந்து நிறையும்வரை காத்திருந்து, அதே இடத்தில் இருந்து மறுபடி எடுத்தேன்.

முதல் படத்தில் தேதிகூடத் தெரியவில்லை. இரண்டாவதில் வசனத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் போன் நம்பர் வரை வாசிக்கலாம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மா "என்ன டீச்சர், காலண்டரப் போட்டோ எடுக்கிய" என்று கேட்டதற்கு என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

மைதீனுக்குப் போன் பண்ண வேண்டும். நாளைக்கு.

மார்ச் 11

வழக்கம்போலப் போனோம். பாத்தி ஓரத்தில் கார் நின்றதும் நான் கையை நீட்டி ஏசியை அணைத்தேன்.

"என்னட்டி செய்த?"

"நாலு கண்ணாடியையும் எறக்குங்க."

"உப்புக் காத்து வரும்." மறுபடி போட்டார்.

நான் மறுபடி அணைத்தேன். அவர் போட்டார். இரண்டு பேருக்கும் பேரன் பேத்தி எடுக்கிற வயசு.

"குளிரும் வெக்கையும் முட்டுத எடத்துல எல்லாம் ஆடும்னு பால்துரைட்ட சொன்னியல்லா. இந்தக் கண்ணாடியில முட்டாதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே பாத்தியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முட்டும்."

"ஒங்களுக்குத் தெரியும்."

"முப்பது வருசம் அந்த வேலதான பாத்தேன். தெரியாம இருக்குமா?"

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"மொத நாளு நீ படத்தப் பாத்து மூஞ்சியத் தூக்குன பாரு, அப்பயே."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா ஏசிய அணைக்கச் சொல்லுவ. எனக்கு வேக்காடு ஆவாது."

இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். உன்னைப் பிடிக்காமல் செய்தேன், நீ ஊர் சுற்றுவது பிடிக்காமல் செய்தேன், அந்தப் பறவையைப் பிடிக்காமல் செய்தேன் என்று ஏதாவது ஒன்று. ஒன்றும் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். வேர்க்கும். கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட, இந்த மனிதர் இரண்டு மாதமும் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தார் என்றாவது ஆகியிருக்கும்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் கிள்ளிவிட்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கையைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறார். கூடம் கோணல் என்று பழமொழி வேறு.

கதவைத் திறந்து இறங்கினேன். பாத்தியில் இருந்த அத்தனையும் பறந்தன. வரப்பிலேயே நடந்து மெயின் ரோட்டுக்கு வந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன். கார் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஊர்ந்து வந்தது. நான் திரும்பவில்லை.

மார்ச் 12

பாகற்காய்ப் பொரியல் வைத்தேன். இவருக்கு ஆகாது. தின்றார்.

மார்ச் 13

பீரோவைத் திறந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை அடிபட்டது மறந்துபோச்சோ?"

"ஞாபகம் இருக்கு."

பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. அதை அவரிடம் சொல்லப்போவதில்லை. ஸ்கூட்டர் சத்தத்துக்கே பறவைகள் பறந்துவிட்டன. வெறுங்கையோடு திரும்பினேன். ஆனால் எவ்வளவோ மாதத்துக்குப் பிறகு முகத்தில் காற்று அடித்தது.

மார்ச் 15

உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள் தலையில் உப்புப் பெட்டியோடு பக்கத்திலேயே போகிறார்கள், வருகிறார்கள். மூக்கன் தலையைக்கூடத் தூக்குவதில்லை. என்னைக் கண்டால் மட்டும் ஓடுகிறது. நான் நின்று நின்று, பதுங்கிப் பதுங்கிப் போகிறேன், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பதுங்குகிறவனைத்தானே சந்தேகப்பட வேண்டும்.

இன்று பதுங்கவில்லை. நேராக நடந்து போய், ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல் ஒன்றின் அடியில் உட்கார்ந்துவிட்டேன். கொசு உள்ளான் என்கிற சின்னப் பறவைகள் முதலில் திரும்பி வந்தன. மூக்கன் தூரத்தில் இறங்கியது. அங்கேயே நின்றது.

மார்ச் 18

கிடைத்துவிட்டது.

இருட்டு பிரியும் முன்பே போய்க் குவியலடியில் குப்புறப் படுத்துவிட்டேன். சேலை இல்லை, பழைய சுடிதார். முழங்கையில் உப்பு அறுத்தது. வெளிச்சம் வந்தபோது மூக்கன் எனக்கு நேராக, தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே நடந்து வந்தது. கிட்டே வந்தது. ரொம்பக் கிட்டே. தண்ணீரை விட்டு ஒரு மேட்டில் ஏறி, வலது காலில் நின்று, இடது காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்தது. கொடி எனக்கு நேராகத் திரும்பி இருந்தது.

எடுத்துவிட்டேன். படத்தைப் பெரிதாக்கத் தேவையே இருக்கவில்லை. கேமராவின் சின்னத் திரையிலேயே மூன்றும் தெரிந்தன. அழுதேன். உப்பளத்தில் அழுதால் யாருக்கும் தெரியப்போவதில்லை, எல்லாம் ஒரே உப்பு.

இந்த நோட்டு மேசைமேல்தான் கிடக்கும். அதனால் மூன்று எழுத்தையும் இதில் எழுதப்போவதில்லை.

மார்ச் 19

ஆராய்ச்சிக்காரர்களுக்குப் படத்தை அனுப்பினேன். இவர் கதவோரம் வந்து நின்றார்.

"கெடச்சிட்டா?"

"ம்."

"என்ன எழுதிருக்கு?"

"எழுத்து."

மார்ச் 27

பதில் வந்துவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால், வடக்கே ஓர் ஆறு கடலில் சேருகிற இடத்தில் மாட்டிய கொடி. ஆற்றின் பெயரை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மாட்டிய பிறகு இதுவரை யாருமே, எங்கேயுமே அதைப் பார்த்ததாகத் தகவல் இல்லையாம். செத்திருக்கும் என்று நினைத்துவிட்டார்களாம். பார்த்தவர் என்ற இடத்தில் பியூலா ஞானராஜ் என்று போட்டிருக்கிறார்கள். ஆதார் அட்டையில் இருக்கிற பெயரைத்தானே கொடுக்க முடியும்.

குழுவில் மறுபடி சேரச் சொல்லி சிவசைலம் அழைப்பு அனுப்பியிருக்கிறார். யார் சொன்னார்களோ. பார்க்கலாம்.

மார்ச் 30

விடியுமுன் போய்ப் பார்த்தேன். மூன்று பாத்தியிலும் தேடினேன். மூக்கன் கூட்டமே இல்லை. கிளம்பிவிட்டன.

வீட்டுக்கு வந்தால் கார் இல்லை. எட்டரைக்கு வந்தது. இவர் இறங்கினார், கழுத்தில் என் பழைய பைனாகுலர். எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான்கு கண்ணாடியும் இறங்கியே இருந்தன. டேஷ்போர்டில் விரலால் கோடு போடலாம், அவ்வளவு உப்புத்தூசி.

ஏப்ரல் 1

இன்றும் போனார். நேற்றும் போயிருக்கிறார். போகிற இடம் எது என்று தெரியும். அங்கே ஒன்றும் இல்லை என்றும் எனக்குத் தெரியும். யார் போகச் சொன்னது?

ஏப்ரல் 3

போனார். திரும்பி வந்து மின்விசிறிக்குக் கீழே வெறும் பனியனோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தெல்லாம் வேர்க்குரு. பவுடரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். போட்டுவிடவில்லை.

ஏப்ரல் 6

காலையில் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"போயிட்டு போல. ஒரு வாரமா பாக்கேன், ஒண்ணக்கூட காணும்."

தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார்.

"ஏசியே போடல பாத்துக்கோ. கிட்ட வந்தா நானே படிச்சிரலாம்னு இருந்தேன்." டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் தெனம் வந்தேம்லா. ரெண்டு மாசம் அந்தக் கொடியவே பாத்துட்டுக் கெடந்தேம்லா. அந்த எழுத்து என்னன்னு மட்டும் சொல்லிரு, பியூலா."

பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 'ஏட்டி' இல்லை.

மீனை உரசிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவினேன். துடைத்தேன். சொன்னேன்.

அவர் ஹாலுக்குப் போய்ச் சர்ச் காலண்டரின் ஓரத்தில் பெரிதாக எழுதி வைத்தார். அப்புறம் செருப்போடேயே சோபாவில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டார்.

"பால்துரை, கண்டுபிடிச்சாச்சுலே. ஆமா, அந்தப் பறவைதான். நானும் ஒங்க மதினியும் மூணு மாசமா உப்பளத்துலயே கெடந்து. உலகத்துல வேற ஒருத்தனும் பாக்கலயாம்லே. நாங்கதான். எழுதிக்கோ. கே. நாலு. டி. கே ஃபார் கைட். நாலு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு. டி ஃபார் டாக்."

அடுத்து சர்ச் செக்ரட்டரிக்குப் போட்டார். அப்புறம் குளிர்கிடங்கில் கூட வேலை பார்த்த யாருக்கோ. ஒவ்வொருவரிடமும் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் அடுப்படியில் நின்று மீனைக் கழுவிக்கொண்டே கேட்டேன்.

நடுவில் இருப்பது நாலு இல்லை. நாலு என்று சொன்னது நான்தான்.